மயுகோவிடம் கேட்க வேண்டியது

"இன்னிக்கு கேட்டு வாங்கிடணும். ஊரைச் சுத்திக் காட்டிட்டு, வெறுங்கையோட வந்து நிக்கக் கூடாது. சொல்லிட்டேன்" என்றாள் நோபுயே. நான் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரே முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டேன், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று.

வாங்க வேண்டியது எங்கள் மகன் சோஹெயின் எலும்பு. விரலில் ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். அவனை எரித்த பிறகு மற்ற எலும்பெல்லாம் பெரிய குடுவையில் குடும்பக் கல்லறைக்குப் போய்விட்டது. இந்த ஒரு துண்டை நோபுயே உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பீங்கான் குடுவையில் போட்டு, அவனுடைய பழைய வேலைச் சட்டையை வெட்டி ஒரு சுருக்குப் பை தைத்து, மயுகோவிடம் கொடுத்தாள். மயுகோ அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண். வசந்தத்தில் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில், வேலை முடிந்து ஏணியிலிருந்து இறங்கியவன் தலை வலிக்கிறது என்று தரையில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவே இல்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

கொடுத்தவளே இப்போது திரும்ப வாங்கச் சொல்கிறாள்.

"அவளுக்கும் வயசு ஏறுது. அதைக் கையில வெச்சுக்கிட்டு எவன் வீட்டுக்குப் போவா? நாமளா விடலைன்னா அவ வாயைத் திறந்து கேக்க மாட்டா."

"அப்ப நீயே கேளேன்."

"நான் கேட்டா அழுதுடுவேன். நீங்க அழ மாட்டீங்க. உங்களுக்குத்தான் கல் நெஞ்சாச்சே."

அந்தக் கல் நெஞ்சுக்காரன் டிராம் நிறுத்தத்துக்கு நடந்து போவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். கேட்கப் போவதில்லை. எலும்பு அவளிடம் இருக்கும்வரைதான் சோஹெயின் நினைவு நாளுக்கு மயுகோ செண்டாயிலிருந்து ரயிலேறி இந்த ஹகோடாதேவுக்கு வருவாள். வாங்கிவிட்டால் எதற்காக வருவாள்? வருஷத்துக்கு ஒரு நாள் ஒருத்தி வந்து என்னை "அப்பா" என்று கூப்பிடுகிறாள். அதையும் நானே போய்ப் பிடுங்கிக்கொள்ள வேண்டுமாம். நல்ல நியாயம்.

டிராம் வந்து நின்றது. நான் ஓய்வு பெறும்வரை ஓட்டிய அதே தடம். ஓட்டுநர் இருக்கையில் இருந்த பையனை நான்தான் பழக்கினேன். வெள்ளைக் கையுறையைத் தூக்கி வணக்கம் வைத்தான். அவன் பக்கத்துக் கதவு வழியாக மயுகோ இறங்கினாள். தலைமுடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தாள். கைப்பையைத் தோளில் போடாமல் இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ரொம்ப நேரமா நிக்கறீங்களா? காத்து இப்படி அடிக்குதே!"

"இது ஒரு காத்தா? செண்டாய்க்காரங்களுக்கு ஃபிரிட்ஜைத் திறந்தாலே ஜுரம் வந்துடும். வா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பழையபடிதான் இருந்தது. எனக்குத் தைரியம் வந்தது.

நாங்கள் எப்போதும் முதலில் மோதோமாச்சி மேட்டைச் சுற்றுவோம். அப்புறம்தான் வீட்டுக்குப் போய் ஊதுவத்தி, சாப்பாடு எல்லாம். சோஹெய் அந்த மேட்டில் உள்ள பழைய மேல்நாட்டுப் பாணி மரவீடுகளுக்குச் சாயம் அடிக்கும் வேலையில் இருந்தான். பாதி மோதோமாச்சிக்கு என் மகன்தான் சாயம் அடித்தான் என்று நான் டிராமில் பீற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவன் பொறுப்பாக நின்று முடித்தது நாலே வீடு. கல்யாணம் ஆனதும் நாலையும் கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று மயுகோவிடம் சொல்லியிருந்தானாம். அவன் காட்டாததை நான் வருஷத்துக்கு ஒன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் நாலையும் காட்டியிருக்கலாம். ஏன் காட்டவில்லை என்று கேட்டால் நீங்கள் என்னைவிடக் கல் நெஞ்சுக்காரர்.

ஹச்சிமான் மேட்டில் ஏறினோம். திரும்பிப் பார்த்தால் சாலை நேராகப் போய்க் கடலில் விழும். அந்தக் காட்சிக்காக நடுச்சாலையில் நின்று படம் எடுக்கிறவர்களுக்கு மணியடித்து மணியடித்தே என் ஆயுளில் பாதி போயிற்று. மயுகோ திரும்பிப் பார்க்கவில்லை. மேலே மணிக்கூண்டு வைத்த தேவாலயத்தையும் பார்க்கவில்லை. வழக்கமாக ஒவ்வொரு ஜன்னலுக்கும் நின்று, இது யார் வீடு, அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள், ரஷ்யரா ஆங்கிலேயரா என்று குடைவாள். நானும் தெரிந்ததையும் தெரியாததையும் அளந்து விடுவேன். இன்று கேட்கவே இல்லை.

நீலமும் மஞ்சளும் அடித்த பழைய பொது மண்டபத்தின் முன்னால் ஒரே கூட்டம். உள்ளே வாடகைக்குப் பாவாடை கவுன்கள் கொடுப்பார்கள். பல ஊர்களிலிருந்து வந்த பெண்கள் அதை மாட்டிக்கொண்டு மாடி முகப்பில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கவுனுக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ போட்டிருந்தாள். "அரசிக்குப் பஸ் பிடிக்கணும்போல" என்றேன். மயுகோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

படம் எடுத்துக்கொண்டிருந்த நடுவயதுக்காரர் ஒருவர் எங்களிடம் வந்தார். "உங்களையும் ஒண்ணு எடுக்கவா? அப்பாவும் பொண்ணும் கொஞ்சம் கிட்டக்க நில்லுங்க. மூக்கு அப்படியே அப்பா மூக்கு!"

"ஆமா, என் பொண்ணுதான்" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. சொன்ன பிறகு உடம்பெல்லாம் சூடாக இருந்தது. கிட்டே நிற்பாள் என்று பார்த்தேன். அவள் அந்த மனிதருக்குக் குனிந்து நன்றி சொல்லி, வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.

நாலாவது வீடு பின் சந்தில் இருந்தது. எங்களூர்ப் பழைய வியாபாரிகள் கட்டிய ரகம். கீழ்த்தளம் ஜப்பான் வீடு, மரக்கம்பிச் சட்டம், இழுக்கிற கதவு. மாடி மட்டும் ஐரோப்பா, நீள ஜன்னல், வெள்ளைச் சட்டம், பலகைச் சுவர். கிமோனோவுக்கு மேலே கோட்டு மாட்டியவன் மாதிரி நிற்கும். அந்தக் கோட்டுக்கு சோஹெய் வெளிர் பச்சை அடித்திருந்தான். எந்தப் பச்சை என்று முடிவு செய்ய எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் பலகைத் துண்டுகளைப் பரப்பி வைத்து, சோற்றை எங்கே வைப்பது என்று நோபுயே கத்தும்வரை பார்த்துக்கொண்டிருப்பான்.

சந்து திரும்பியதும் நான் நின்றுவிட்டேன். வீடு பச்சையாக இல்லை. மாடி முழுக்கப் புதிதாகப் பீச் பழ நிறம். சாரத்தை இன்னும் பிரிக்கவில்லை. இரண்டு பேர் ஜன்னல் சட்டத்துக்குக் கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?" என்று கீழேயிருந்து கத்தினேன்.

"வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் தாத்தா. வேற யாரைக் கேக்கணும்?" என்றான் சாரத்தில் இருந்தவன். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"பச்சைக்கு என்ன குறைச்சல்? பாரு மயுகோ, ஏதோ மிட்டாய்க் கடை மாதிரி..."

"நல்லாத்தானே இருக்கு அப்பா" என்றாள் அவள்.

"என்ன நல்லா இருக்கு?"

"இந்த நிறமும் வீட்டுக்குப் பொருந்துதுன்னு சொன்னேன். மரத்துக்குச் சாயம் அடிக்காம விட்டா உளுத்துடும்னு சோஹெய் சொல்லுவார். கொஞ்ச வருஷத்துக்கு ஒரு தடவை அடிச்சே ஆகணும்னு..."

"அவன் சொன்னதை நீ எனக்குச் சொல்றியா?"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாரத்தில் இருந்தவர்கள் தூரிகையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பசி, அதனால்தான் இப்படி என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, ட்சுயா கடைக்குப் போகலாம் வா என்றேன்.

ட்சுயாவின் கடை சரிவின் அடியில், செங்கல் கிடங்குகளுக்குப் பின்னால். டிராம்காரர்களுக்குச் சோறு போட்டே கிழவியானவள். மதியக் கூட்டம் போய்விட்டிருந்தது.

"வாங்க டிரைவரே! ஓ, அழகான பொண்ணைக் கூட்டிட்டு வந்தா மட்டும் சட்டைக்கு இஸ்திரி போடுவீங்களோ? தனியா வர்ற அன்னிக்கு எல்லாம் தூங்கி எழுந்த பூனையாட்டம் வருவீங்களே?"

"சோத்தைப் போடு, வாயை அப்புறம் போடலாம்."

ஹொக்கே மீனைப் பிளந்து, ஓரம் கருகக் கருகச் சுட்டு ஒரு பெரிய தட்டில் வைத்தாள். நடுமுள்ளை எடுத்தால் அதன் அடியில் கொழுப்போடு ஒரு சதை வரும். சோஹெய்க்கும் எனக்கும் எப்போதும் அதற்குத்தான் சண்டை. அவனில்லாமல் போன பிறகு அதை மயுகோவுக்குக் கொடுப்பது என் வழக்கம். அவள் தட்டில் வைத்துவிடுவேன். இன்று சந்தில் பேசிய பேச்சுக்குச் சமாதானம் செய்துகொள்ளும் அவசரம் எனக்கு. சாப்பிடும் குச்சியால் சதையை எடுத்து, தட்டைத் தேடாமல், "இந்தா" என்று நேரே நீட்டிவிட்டேன். அவள் ஏதோ யோசனையில் இருந்தாள். தன் குச்சியை நீட்டி அதை வாங்கினாள்.

ஒரு துண்டு மீனை இரண்டு ஜோடிக் குச்சிகள் பிடித்துக்கொண்டிருந்தன.

"ஐயையோ டிரைவரே! என்ன பண்றீங்க!" என்று ட்சுயா அலறினாள். அலறியவள் எங்கள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, ரேடியோவை நிறுத்திவிட்டு, அடுக்களைக்குள் போய்விட்டாள்.

எங்களில் பேச்சு வரும் முன்பே பிள்ளைகளுக்குக் கையில் தட்டிச் சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது. குச்சியிலிருந்து குச்சிக்கு எதையும் வாங்கக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து ஒன்றைக் குச்சியால் பிடிப்பது ஒரே இடத்தில்தான். சுடுகாட்டில், எரிந்து முடிந்த தட்டைச் சுற்றி நின்று, எலும்பைப் பொறுக்கிக் குடுவையில் போடும்போது. அன்றைக்குச் சொந்தக்காரர்கள் முறைப்படி வரிசையில் நின்றார்கள். பதிவுத் திருமணம் ஆகாத மயுகோ வரிசைக்கு வெளியே, கதவோரம் நின்றாள். நோபுயே போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து, என் எதிரில் நிறுத்தி, கையில் குச்சியைக் கொடுத்தாள். நானும் மயுகோவும்தான் அந்தத் துண்டைத் தூக்கினோம். விழாமல் குடுவைவரை கொண்டுபோனோம்.

இப்போது அது முடியவில்லை. மீன் மேஜைமேல் விழுந்தது. அவள் குச்சியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் அழுதாள். பிறகு கைப்பையைத் திறந்து, அந்தச் சுருக்குப் பையை எடுத்து, எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"இதைக் கொடுத்துட்டுப் போகத்தான் வந்தேன் அப்பா."

நானும் என் குச்சியைக் கீழே வைத்தேன்.

"வசந்தத்துல எனக்குக் கல்யாணம். ஆஸ்பத்திரியில என்கூட வேலை செய்யறவர், ஹிராகான்னு பேர். அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். இதை வெச்சுக்கோ, நானும் சேர்ந்து கும்பிடறேன்னுதான் சொல்றார். என்னாலதான் முடியல. தினமும் காலையில எழுந்ததும் இதுகிட்ட பேசிட்டுத்தான் பல்லே தேய்க்கறேன். அந்த வீட்டுக்குப் போயும் அப்படியே பண்ணுவேன். அது அவருக்கும் நியாயம் இல்ல, சோஹெய்க்கும் நியாயம் இல்ல..."

நோபுயே சொல்லி அனுப்பியது தானாகக் கைக்கு வந்துவிட்டது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நல்லா இரு என்று சொல்ல வேண்டியதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பையை அவள் பக்கம் தள்ளினேன்.

"வேண்டாம். நீயே வெச்சுக்கோ. நோபுயே தாங்க மாட்டா. நீ திருப்பிக் கொடுத்தேன்னு தெரிஞ்சா படுத்த படுக்கையாயிடுவா. அவ உயிரே உன்மேலதான் இருக்கு."

பச்சைப் பொய். அதுவும் எங்கே குத்தினால் வலிக்கும் என்று பார்த்துச் சொன்ன பொய். அவள் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. எழுந்து நின்று, நெற்றி மேஜையில் படும்படி குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க. நான் இதைப் பேசியே இருக்கக் கூடாது. அம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்." சுருக்குப் பையை எடுத்துத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தாள். "ஹிராகாகிட்ட நான் சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"கல்யாணம் வேண்டாம்னு."

அழவில்லை. அதைச் சொல்லும்போது அவள் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. நான் ஜெயித்துவிட்டேன். அடுத்த வருஷமும் வருவாள். அதற்கடுத்த வருஷமும் வருவாள். கைப்பையை வயிற்றோடு பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக நரைத்துக்கொண்டு, டிராமிலிருந்து இறங்குவாள். நான் நிறுத்தத்தில் நின்று அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவேன். சாரத்தில் நின்றவனைப் பார்த்துக் கத்தினேனே, என்னைப் பார்த்து யாராவது கத்தியிருக்க வேண்டும்.

"உக்காரு மயுகோ. நான் சொன்னது பொய்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அதை உன்கிட்டேருந்து வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பினதே நோபுயேதான். காலையில வாசல்ல நின்னு சொல்லி அனுப்பினா. உன்னை விட்டுடணும், நீ வாழணும்னு அவதான் சொன்னா. எனக்குத்தான் மனசு வரல. அதைக் கொடுத்துட்டா நீ வர மாட்ட. எனக்கு வேற யாரு இருக்கா?"

"அப்பா..."

"அவன் எப்படிப்பட்டவன்? ஹிராகா."

"அமைதியானவர். ரொம்ப மெதுவாச் சாப்பிடுவார்."

"மெதுவாச் சாப்பிடறவன் நல்லவனாத்தான் இருப்பான். கொடு அதை."

இரண்டு கையாலும் நீட்டினாள். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். கனமே இல்லை. துணியில் இன்னும் அவள் பையிலிருந்த சூடு இருந்தது. அடிக்கடி வந்து பார்க்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. சம்பிரதாயத்துக்காவது எங்களில் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. அவள் சொல்லாததற்காக அவள்மேல் எனக்கு இன்னும் பிரியம் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். நான் விடவில்லை. "அங்க வந்தா நீங்க ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழுவீங்க. அப்புறம் நோபுயேவே இதை உன் கையில திணிச்சு அனுப்புவா. நேரா ஸ்டேஷனுக்குப் போ. நான் பாத்துக்கறேன்." டிராம் வந்தது. படியில் ஏறியவள் திரும்பி, "உடம்பைப் பாத்துக்கோங்க அப்பா" என்றாள். கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் குனிந்தவள், வண்டி வளைவில் திரும்பும்வரை நிமிரவே இல்லை. நானும் குனிந்தே நின்றேன்.

வீட்டுக் கதவை இழுத்ததும் சோயாவில் வேகும் கணவாயின் வாசனை. வயிற்றில் அரிசி அடைத்த கணவாய் மயுகோவுக்குப் பிடிக்கும். மேஜையில் மூன்று பேருக்குத் தட்டு வைத்திருந்தாள் நோபுயே. கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எங்க அவ? பின்னால வர்றாளா?"

"ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டேன். வசந்தத்துல கல்யாணமாம். நல்ல பையனாத்தான் தெரியுது." சட்டைப்பையிலிருந்து சுருக்குப் பையை எடுத்து அவள் கையில் வைத்தேன். "நீ சொன்னபடி வாங்கிட்டேன்."

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தான் தைத்த தையலைக் கட்டை விரலால் தடவினாள். சபாஷ் என்பாள், அல்லது உட்கார்ந்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் வாங்குனீங்க?"

"நீதானே..."

"நான் சொல்லுவேன். சொல்லாம இருக்க முடியுமா? அவளுக்கு நல்லது நினைக்கணும் இல்லையா?" என் நெஞ்சில் முஷ்டியால் குத்தினாள். அடியில் பலமே இல்லை. "உங்களால கேக்க முடியாதுன்னு தெரிஞ்சுதானே உங்களை அனுப்பினேன். நீங்க கேக்காம வந்துடுவீங்க, நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்னு இருப்பேன், அவளும் அடுத்த வருஷம் வருவா... அப்படித்தானே நினைச்சேன்!"

அடுப்பில் கணவாய் அடிபிடிக்கிற வாசனை வந்தது. இரண்டு பேரும் போகவில்லை. அவள் என் சட்டையை விடவில்லை, நானும் அவள் கையை எடுக்கவில்லை. இனி இந்த வீட்டுக்கு வர யாரும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.